அடுப்படியில் ஒரு சத்திய சோதனை

மகாத்மா காந்தியடிகளை நாம் பல கோலங்களில் அறிவோம். கைத்தடி ஊன்றித் தண்டிக் கடற்கரைக்கு நடந்த காந்தி, இராட்டையின் முன் அமர்ந்து நூல் நூற்ற காந்தி, உண்ணாநோன்பில் மெலிந்து கிடந்த காந்தி எனத் தமிழ்ப்பள்ளிப் பாடநூல் தொடங்கி நம் கண்முன் நிற்கும் படங்கள் பல. ஆனால், ரொட்டிக்காகத் திரிகை சுற்றிய காந்தியை, நிலக்கடலையில் வெண்ணெய் கண்ட காந்தியை, கோதுமையை வறுத்துக் காப்பி வைத்த காந்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்று நனிசைவம் என்னும் உணவு முறை இளையோரிடையே பரவி வருகிறது. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய் முதலியவற்றையும் விலக்கி, தாவர உணவை மட்டுமே உண்பது நனிசைவம். ஆங்கிலத்தில் இதனை வீகன் என்பர். புத்தகக் கடைகளில் இதற்கென்றே வண்ண வண்ணச் சமையல் நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. வீகன் என்ற சொல் 1944இல்தான் பிறந்தது. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதர் பாலை விட்டொழித்து, அதற்கு ஈடாக எதைச் சமைப்பது என்று தேடத் தொடங்கிவிட்டார். அந்தத் தேடலில் அவர் பாதி வென்றார், பாதி தோற்றார். அவருடைய வெற்றியைப் போலவே தோல்வியும் நமக்குப் பாடமாகும்.

ஆற்றங்கரையில் ஆட்டிறைச்சி

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குசராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். குடும்பம் வைணவக் குடும்பம். சமண சமயத்தின் செல்வாக்கும் அப்பகுதியில் மிகுதி. புலால் என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. தாயார் புத்லிபாய் நோன்பிருப்பதில் உறுதி மிக்கவர். மழைக்காலத்தில் சூரியனைக் கண்ட பிறகே உண்பது என்று விரதம் பூண்டால், மேகம் மறைத்த நாள்களில் பட்டினியாகவே இருந்துவிடுவார். உணவு என்பது வயிறு தொடர்பானது மட்டுமன்று, வாக்கு தொடர்பானதும்கூட என்பதை மோகன்தாஸ் தாயிடமிருந்தே கற்றார் எனலாம்.

இருப்பினும், பள்ளிப் பருவத்தில் அவர் இறைச்சி உண்டார். ஆங்கிலேயர் நம்மை ஆள்வதற்குக் காரணம் அவர்கள் இறைச்சி உண்பதே என்று நண்பர் ஒருவர் நம்ப வைத்தார். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமான இடத்தில், கடை ரொட்டியோடு ஆட்டிறைச்சி பரிமாறப்பட்டது. அன்றிரவு தம் வயிற்றுக்குள் ஆடு கத்துவது போன்ற உணர்வு அவரைத் தூங்க விடவில்லை. ஏறக்குறைய ஓராண்டில் ஐந்தாறு முறை இவ்விருந்து தொடர்ந்தது. பிறகு நிறுத்திவிட்டார். உயிர்க்கொலை பற்றிய எண்ணம் அதற்குக் காரணமன்று; பெற்றோரிடம் பொய் சொல்ல வேண்டியிருந்ததே அவரை உறுத்தியது.

1888இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல வேண்டி வந்தபோது, மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று சமணத் துறவி ஒருவரின் முன்னிலையில் தாய்க்கு வாக்களித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 18.

இலண்டனில் பசித்த வயிறு

வாக்கைக் கொடுப்பது எளிது. குளிர் நாட்டில் அதனைக் காப்பது கடினம். காலையில் ஓட்ஸ் கஞ்சி குடித்தால் வயிறு நிறையும். மதியமும் மாலையும் உப்புச் சப்பில்லாமல் அவித்த கீரை, இரண்டு மூன்று துண்டு ரொட்டி, கொஞ்சம் பழப்பாகு, அவ்வளவே. இன்னொரு துண்டு ரொட்டி கேட்கவும் கூச்சம். வெளியூரில் படிக்கச் சென்ற முதல் மாதத்தில் அரைவயிற்றோடு படுத்த நம் மாணவர் பலருக்கு இந்நிலை நன்கு புரியும்.

சைவ உணவகம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒருநாள் ஃபேரிங்டன் தெரு அருகே சென்ட்ரல் என்னும் சைவ உணவகம் அவர் கண்ணில் பட்டது. அதன் வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூல் ஒன்றும் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். அந்நூலைப் படித்து முடித்ததும் அவருள் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை தாய்க்காகச் சைவராக இருந்தவர், அன்றுமுதல் தாமே விரும்பிச் சைவரானார்.

அதன்பின் சமையல் அவருக்கு ஆராய்ச்சியாயிற்று. செலவைக் குறைக்க ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்து, ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே சமைத்தார். நாளொன்றுக்கு உணவுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஊரிலிருந்து வந்த இனிப்பையும் மசாலைப் பொருள்களையும் நிறுத்தினார். முன்பு சுவையற்றுத் தோன்றிய அதே அவித்த கீரை இப்போது இனித்தது. சுவை நாக்கில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

முட்டை விஷயத்தில் அவர் கொஞ்சம் தடுமாறினார். முட்டை புலாலில் சேராது என்று அங்கிருந்த சைவர் சிலர் கூறியதை ஏற்றுச் சில நாள் உண்டார். பிறகு, வாக்கை வாங்கிய தாய் புலால் என்று எதைக் கருதினாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் எனத் தெளிந்து முட்டையையும் விட்டார். விளைவு என்ன? சைவ உணவகத்திலும் ஒவ்வொரு பண்டத்திலும் முட்டை கலந்திருக்கிறதா என்று பரிமாறுபவரிடம் கேட்டுக் கேட்டு உண்ண வேண்டியதாயிற்று. இன்று பிஸ்கட் உறையைத் திருப்பிப் பார்த்து அதில் பால்மாவு இருக்கிறதா என்று தேடும் நனிசைவருக்கு அவர் முன்னோடி என்றால் அது மிகையன்று.

கூச்ச சுபாவமுள்ள அம்மாணவர் இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் சைவர் மன்றம் ஒன்றைத் தொடங்கி அதன் செயலாளரானார். 1891இல் சங்கத்தின் இதழில் இந்தியச் சைவ உணவு பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். பின்னாளில் ஒரு நாட்டையே வழிநடத்தியவர், கூட்டம் நடத்தவும் எழுதவும் பழகியது சாப்பாட்டைப் பற்றிய ஒரு சங்கத்தில்தான். மாணவர் சங்கங்களில் பொறுப்பேற்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மாவரைத்த வழக்கறிஞர்

1893இல் வழக்கு ஒன்றுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அவ்வாண்டே பிரிட்டோரியாவில் சமைக்காத உணவை மட்டும் உண்டு பார்த்தார். ஊறவைத்த கோதுமையும் பயறும் பல்லுக்கும் வயிற்றுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு வாரத்திற்குள் கைவிட்டார். கைவிட்டதை மறைக்காமல் இலண்டன் இதழுக்கு எழுதியும் அனுப்பினார். தம் சோதனை தோற்றால் அதனையும் ஊரறியச் சொல்வது அவர் வழக்கம்.

ஜொகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டிய காலத்தில், சைவ உணவகம் நடத்த முன்வந்த பெண்மணி ஒருவருக்கு 1000 பவுண்டு கடன் கொடுத்தார். அது கட்சிக்காரர் ஒருவர் அவரை நம்பி ஒப்படைத்திருந்த பணம். உணவகம் நொடித்துப் போனது. அத்தொகை முழுவதையும் காந்தியே ஈடுகட்ட நேர்ந்தது. சைவத்தின் மீதிருந்த ஆர்வம் அவரை எவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அதே நகரில், கடை ரொட்டிக்குப் பதிலாக வீட்டிலேயே தீட்டாத கோதுமை மாவில் ரொட்டி செய்ய முடிவு செய்தார். கூனே என்னும் ஜெர்மானியர் எழுதிய முறைப்படி, புளிக்க வைக்காத ரொட்டி. இதற்காக 7 பவுண்டு கொடுத்து இரும்புச் சக்கரம் பொருத்திய கைத்திரிகை வாங்கினார். ஒருவரால் சுற்ற இயலாது, இருவர் வேண்டும். காந்தியும், அவரோடு தங்கியிருந்த நண்பர் போலக்கும், பிள்ளைகளும் மாறிமாறிச் சுற்றினர். நூலைப் பார்த்துச் சமைப்பது என்பது காந்தியின் வீட்டில் இப்படித் திரிகையிலிருந்தே தொடங்கியது.

டால்ஸ்டாய் பண்ணையின் பொதுச் சமையலறை

1910ஆம் ஆண்டு ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர், ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவிலிருந்த தம் 1100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காகக் கொடுத்தார். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள் இருந்த அந்த இடமே டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்ற தமிழரின் மனைவி மக்கள் பலர் அங்கு வாழ்ந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தி தமிழ் கற்பித்ததும் இங்குதான். போப் எழுதிய கையேட்டைப் படித்துத் தாம் கற்ற தமிழை அவர் அப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இந்து, இசுலாமியர், கிறித்துவர், பார்சி எனப் பலரும் வாழ்ந்த இடத்தில் ஒரே சமையலறை எப்படி நடத்துவது? கிறித்துவ, இசுலாமியக் குடும்பத்தினர் இறைச்சி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று காந்தி துணிந்திருந்தார். ஆனால், அவர் முதலில் சென்று கேட்டது அக்குடும்பத்துப் பெண்களிடம். அவர்கள் தாமே முன்வந்து சைவச் சமையலுக்கு இசைந்தனர். கட்டாயப்படுத்தியிருந்தால் சமையலறை இரண்டாகப் பிரிந்திருக்கும். கேட்டதால் ஒன்றாக நின்றது.

காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது ரொட்டியும் காப்பியும். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டு, தத்தம் தட்டைத் தாமே கழுவினர். ரொட்டிக்குத் தடவ நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய் செய்தனர். தோட்டத்து ஆரஞ்சுப் பழத்தில் பழப்பாகு காய்ச்சினர். இன்று பேரங்காடியில் நாம் விலை கொடுத்து வாங்கும் கடலை வெண்ணெயை, அன்று நம்மவர் அந்தப் பண்ணையில் தம் கையால் அரைத்தனர்.

பாலுக்கு விடை

1912இல் இப்பண்ணையில்தான் காந்தியும் காலன்பாக்கும் பாலை அறவே விட்டனர். இரண்டு காரணங்கள் இருந்தன. பால் உணர்ச்சிகளைத் தூண்டும் என்ற எண்ணத்தை நண்பர் இராய்சந்த்பாய் முன்பே விதைத்திருந்தார். கல்கத்தாவில் பால் கறப்பதற்காகப் பசுக்களையும் எருமைகளையும் எவ்வளவு கொடுமைப்படுத்துகின்றனர் என்பதை விளக்கும் வெளியீடுகளும் அவர் கைக்குக் கிடைத்தன. பாலுக்குப் பின்னால் ஓர் உயிரின் வேதனை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவரால் அதனைக் குடிக்க இயலவில்லை. இன்றைய நனிசைவர் கூறும் காரணமும் இதுவே அன்றோ! விரைவில் இருவரும் தானியத்தையும் விட்டு, நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றையே உணவாகக் கொண்டனர்.

1914இல் இலண்டன் சென்றபோது நெஞ்சுவரிக் காய்ச்சல் கண்டது. அவர் பெரிதும் மதித்த கோகலே பால் அருந்துமாறு வற்புறுத்தினார். ஓரிரவு முழுவதும் சிந்தித்த காந்தி, பாலை ஏற்க முடியாது என்று மறுநாள் பணிவோடு மறுத்துவிட்டார்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காந்தியின் உறுதி சில வேளைகளில் அச்சமூட்டுகிறது. 1902இல் பம்பாயில் பத்து வயது மகன் மணிலால் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது மருத்துவர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்து, நீர் மருத்துவம் செய்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். பிழைக்காமல் போயிருந்தால்? தம் உடலைச் சோதனைக்கு உட்படுத்த ஒருவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் உயிர் அப்படிப்பட்டதா? இக்கேள்வி காந்தியையே அந்த இரவுகளில் வாட்டியது.

கஸ்தூரிபாவின் கைப்பக்குவம்

காந்தியின் உணவுச் சோதனைகளைப் பேசுவோர் பலர் அந்த அடுப்பின் முன் நின்றவரை மறந்துவிடுகின்றனர். அவர் கஸ்தூரிபா.

டர்பனில் அறுவை சிகிச்சைக்குப்பின் உயிருக்குப் போராடிய நிலையில், மாட்டிறைச்சிச் சாறு கொடுக்காவிட்டால் பொறுப்பேற்க இயலாது என்றார் மருத்துவர். காந்தி முடிவை மனைவியிடமே விட்டார். எழுந்து உட்காரவும் வலுவில்லாத கஸ்தூரிபா, அதைக் குடிப்பதைவிட இறப்பதே மேல் என்று உறுதியாக மறுத்தார். தூறல் மழையில் அவரைக் கொண்டு சென்று ஃபீனிக்ஸ் குடியிருப்பில் சேர்த்தனர். அவரும் தேறினார்.

மற்றொரு முறை, நோய் தீர உப்பையும் பருப்பையும் விடுமாறு காந்தி கூறினார். உங்களை விடச் சொன்னால் விடுவீர்களா என்று கேட்டுவிட்டார் கஸ்தூரிபா. அந்த நொடியே காந்தி ஓராண்டுக்கு இரண்டையும் துறப்பதாக அறிவித்துவிட்டார். கணவரின் பிடிவாதத்தை அறிந்த அவர் கண்ணீர் விட்டு, சொன்னதைத் திரும்பப் பெறுமாறு வேண்டியும் பயனில்லை. காந்தி இதனை அன்பின் போராட்டமாகக் கண்டார். உப்பில்லாத கறியை மற்றவருக்காகவும் சமைக்க வேண்டிய ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு விதமாகவும் தோன்றும்.

1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றியபோது கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே காந்தியின் முக்கிய உணவு. வயிறு கெட்டிருந்தது. அன்று ஏதோ ஒரு பண்டிகை. மதியம் ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தும் கஸ்தூரிபாவுக்கு மனம் கேட்கவில்லை. நெய் சேர்த்தால் விரதம் கெடும் என்பதால், நெய்க்குப் பதிலாக எண்ணெய் விட்டு இனிப்புக் கோதுமைக் கஞ்சி செய்தார். கிண்ணம் நிறையப் பச்சைப் பயறும் எடுத்து வைத்தார். வழக்கமான பண்டத்தில் ஒரு பொருளை மாற்றிச் சுவை குன்றாமல் சமைப்பதுதானே இன்றைய நனிசைவச் சமையல் நூல்கள் கற்றுத் தரும் கலை! அதனை எந்த நூலும் இன்றி அன்றே செய்தவர் கஸ்தூரிபா.

சுவை வென்றது. காந்தி வயிறார உண்டார். ஒரு மணி நேரத்திற்குள் கடும் வயிற்றுப்போக்கு கண்டு, பல வாரங்கள் சாவின் விளிம்பில் கிடந்தார். 1919 சனவரியில் பம்பாயில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் தலால், பால் அருந்தாமல் உடல் தேறாது என்றார். விரதத்தைச் சொல்லி மறுத்தார் காந்தி. அப்போது கட்டிலருகே நின்ற கஸ்தூரிபா, விரதம் எடுத்தது பசும்பாலையும் எருமைப் பாலையும் எண்ணித்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். சட்டம் படித்த காந்தியால் அந்த வாதத்தை வெல்ல முடியவில்லை. வாழ வேண்டும் என்ற ஆசையும் துணை நின்றது. ஆட்டுப்பால் அருந்தினார். ஏறக்குறைய ஏழு ஆண்டுப் பால் துறப்பு முடிவுக்கு வந்தது.

அவர் அதனை வெற்றியாகப் பேசவில்லை. விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொன்றுவிட்டதாகவே தம் சுயசரிதையில் எழுதினார். ஊரே மகாத்மா என்று போற்றிய காலத்தில் தம் குறையைத் தாமே அச்சேற்றிய துணிவுக்கு நாம் தலை வணங்கத்தான் வேண்டும்.

கிடைக்காத விடை

பாலுக்கு ஈடான தாவர உணவைத் தேடுவதை அவர் நிறுத்தவில்லை. 1929இல் மீண்டும் சமைக்காத உணவை உண்டு பார்த்தார். உடல் மெலிந்து நோயுற்றதும் கைவிட்டார். 1931 நவம்பர் 20ஆம் நாள் இலண்டன் சைவ உணவுச் சங்கத்தில் உரையாற்றினார். அன்று அவையில், ஒரு ஷில்லிங் நூலால் தம்மை மாற்றிய ஹென்றி சால்ட்டும் இருந்தார். உடல்நலத்திற்காக மட்டும் சைவராக இருப்போர் நோய் வந்தால் மாறிவிடுவர்; அறத்தின் அடிப்படையே நிலைக்கும் என்பது அவ்வுரையின் சாரம். 1935இல் வார்தாவில் சோயா அவரையைச் சமைத்துப் பரிசோதித்து, அதன் பயனைத் தம் இதழில் எழுதினார்.

1942இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றி ஒரு நூல் எழுதினார். பால் இல்லாமல் தம்மால் வலுப்பெற இயலவில்லை என்பதை அதில் ஒப்புக்கொண்டு, தாவர உலகில் அதற்கு ஈடு ஒன்றைக் கண்டுபிடிப்பது மருத்துவர்களின் கடமை என வேண்டினார். 1944 பிப்ரவரியில் அதே மாளிகையில் கஸ்தூரிபா உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் வீகன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். இரண்டே ஆண்டில், 1946இல், ஃபே ஹென்டர்சன் என்னும் பெண்மணியின் வீகன் சமையல் நூல் வெளிவந்தது.

1948 சனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான் அறிவியலாளர்கள் பி12 என்னும் உயிர்ச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லாத சத்து அது, நுண்ணுயிர்களால் உருவாவது. இன்று நனிசைவர் அதனை மாத்திரையாகவோ, அச்சத்துச் சேர்க்கப்பட்ட உணவாகவோ எளிதில் பெறுகின்றனர். காந்தியின் எல்லா நலிவுக்கும் அதுவே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால், அவர் மருத்துவர்களிடம் கேட்ட கேள்விக்கான விடையில் ஒரு முக்கியப் பகுதி, அவர் மறைந்த ஆண்டில்தான் கிடைத்தது.

நமக்குச் சொல்வது என்ன?

காந்தியிடம் அறம் இருந்தது, மனவுறுதி இருந்தது. இல்லாதவை இரண்டு. ஒன்று, அறிவியல் பின்னால்தான் கண்டுபிடித்த சத்துணவு அறிவு. மற்றொன்று, சுவையை நண்பனாகப் பார்க்கும் மனம். நாக்கை அடக்குவதே உணவு ஒழுக்கம் என்று அவர் கருதினார். எண்ணெய் விட்ட கோதுமைக் கஞ்சியைச் செய்த கஸ்தூரிபாவோ, விரதத்தையும் காத்து வாய்க்கும் இனிதாகச் சமைக்க முடியும் என்று காட்டினார்.

இன்றைய மாணவருக்கு இவ்விரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. காந்தி தேடிய சோயா அவரை, நம் வட்டாரத்துச் சந்தைகளில் தௌஹூவாகவும் தெம்பேயாகவும் குறைந்த விலையில் கிடைக்கிறது. நம் பாட்டி வைத்த ரசமும், கீரைப் பிரட்டலும், தேங்காய்ப்பால் சொதியும் பசும்பாலைக் கேட்பதில்லை. வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ஒரு சமையல் நூலை விரித்து வைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் புதிதாக ஒன்றைச் சமைத்துப் பார்க்கலாம். தேவையான சத்து கிடைக்கிறதா என்பதையும் அறிந்து உண்ணலாம்.

எல்லாரும் நனிசைவராக வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி எவரையும் வற்புறுத்தவில்லை, கேட்டார். நாமும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நம் தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது? அதற்காக யார் வேதனைப்பட்டார்? அதனை நமக்காகச் சமைத்தவர் யார்? முதல் இரண்டு கேள்விகளை வாழ்நாள் முழுவதும் கேட்டவர் காந்தி. மூன்றாவது கேள்விக்கு விடையாக நின்றவர் கஸ்தூரிபா. அடுப்படியில் நடந்த அந்தச் சத்திய சோதனையில் இருவருக்கும் சம பங்கு உண்டு.